நான்கு மில்லி

போர்டு கடையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் சரக்கு இறக்க வரும் ஆட்கள் வரை எல்லோருக்கும் அவர் ‘மில்லி’தான். புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் சிலர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். பேச்சுவாக்கில் ஓர் எட்டு நெருங்கி வந்து மோந்து பார்த்தவர்களும் உண்டு. அவர் காப்பியே ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் குடிப்பார். பெயர் வந்தது விரல்களால். அக்ரிலிக் தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நொடி பிடித்தால் போதும், மூன்று மில்லியா, நான்கா, ஐந்து என்று சொல்லி நாலே முக்காலைத் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். முதலாளி சந்தேகப்பட்டுக் கருவியை வைத்து அளப்பார். மில்லி சொன்னதுதான் வரும்.

இருபத்தாறு வருடங்களாக அங்கே எழுத்து வெட்டுகிறார். டாக்டர்களின் பெயர்ப்பலகை, கடைகளின் பெயர், வீட்டுக் கதவு எண்கள். வேலையில் படு கறார். அரை மில்லி பிசகிய எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் வெட்டுவார். “இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டால், “எனக்குத் தெரியுமே” என்பார். அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தாள். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காலர், காலர், காலர். “என் கையில இருந்து போன காலருக்குள்ள எத்தனை கழுத்து இருக்கும்னு நெனைச்சா தலை சுத்துது” என்பாள். அப்படி வேலை பார்த்துவிட்டு வருபவளுக்குத் தையல் மெஷினைக் கண்டாலே வெறுப்பு வரவேண்டும். இவளோ வீட்டுக்கு வந்து முகம் கழுவினதும் நேரே பின்னறைக்குப் போய்த் தன்னுடைய மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அந்த மெஷின் ஜன்னலோரத்தில் இருந்தது. மேசைப் பலகையில் சதுரமாக ஒரு துளை வெட்டி, மெஷினின் தட்டும் மேசையும் ஒரே மட்டமாக வரும்படி இறக்கிக் கொடுத்தது மில்லிதான். அதன்மேல் கையைத் தடவினால் எங்கே மேசை முடிகிறது, எங்கே மெஷின் தொடங்குகிறது என்று தெரியாது.

அவள் தைத்தது குவில்ட். மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுச் சேர்த்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்படி மேலே கோலம் மாதிரி தைத்துக்கொண்டே போவது. வீடியோக்களைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். நாலு வருடத்தில் கை நன்றாகத் திருந்தியிருந்தது. அதற்கப்புறம்தான் ஸ்கேல் வைத்துத் தைக்கும் ஆசை வந்தது.

அந்தத் தையலுக்கு மெஷினின் தட்டுக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட வேண்டும். பல் இறங்கிவிட்டால் மெஷின் துணியை இழுக்காது. ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு வேகமாகப் போவது என்பதெல்லாம் கையின் பாடு. வெறும் கையால் ஓட்டினால் கோடு நெளியும், வட்டம் முட்டையாகும். அதனால் லீவரை இறக்கினால் துணிமேல் வந்து உட்காரும், ஊசியைச் சுற்றி வளையம் போலச் சுவர் எழும்பிய ஒரு பாதத்தை மெஷினில் மாட்டிக்கொண்டு, கனமான அக்ரிலிக் ஸ்கேல் ஒன்றைத் துணிமேல் வைத்து, அதன் ஓரத்தை அந்தச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நகர்த்துவார்கள். ஸ்கேல் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே தையலும் விழும்.

பாதம் வாங்கிவிட்டாள். அதோடு வந்த தாளில் ஸ்கேலின் கனம் ஆறு மில்லி இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஸ்கேலை வெளியே எதற்கு வாங்குவது, கட்டிக்கொண்டவரே அக்ரிலிக் வெட்டுகிறவராயிற்றே என்று பழுப்புக் காகிதத்தில் மூன்று வடிவம் வரைந்து கொடுத்தாள். ஒன்று நேர்கோடு, ஒன்று வளைவு, ஒன்று இலை. ஒவ்வொன்றிலும் ‘6 மில்லி’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அந்த வாரம் கடையில் ஆறு மில்லித் தகடு தீர்ந்திருந்தது. அடுத்த லோடு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அவள் திங்கட்கிழமை கேட்டாள், புதன்கிழமை கேட்டாள், வெள்ளிக்கிழமை கேட்காமல் முகத்தை மட்டும் பார்த்தாள். சனிக்கிழமை மதியம் மூலையில் சாய்ந்திருந்த வெட்டுமிச்சத்தில் நல்ல தெளிவான துண்டு ஒன்று கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தார். நான்கு மில்லி. இரண்டு மில்லியில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று தோன்றியது. மூன்று வடிவத்தையும் வெட்டினார், ஓரங்களைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றினார், காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் பிரித்துப் பார்த்து ஓரத்தைத் தடவினாள். முகமெல்லாம் மலர்ந்தது. “ஆறுதானே?” என்று கேட்டாள்.

அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். “ம்” என்றார்.

அவள் அளந்து பார்க்கவில்லை. மில்லி வெட்டிக் கொடுத்ததை அளந்து பார்ப்பவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை.

லோடு வந்ததும் ஆறில் வெட்டி மாற்றி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தார். லோடும் வந்தது. அதே வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நூற்றுச் சொச்சம் கதவு எண்கள் வெட்ட வேண்டியிருந்தது. அவளும் ஒரு குறையும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் பின்னறையில் மெஷின் ஓடியது. இலை இலையாகத் தையல் விழுந்தது. குளிரான ஓர் ஊரில் வேலை கிடைத்துப் போயிருந்த மகளுக்காகப் பெரிய படுக்கை விரிப்பு அது. எட்டு முனை நட்சத்திரங்கள், வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. ஓரங்களைத் தைக்கும்வரை ஒரு பிசகும் இல்லை. பிறகு அவள் நட்சத்திரங்களின் நடுப்பகுதிக்கு வந்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். அவர் முன்னறையில் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மெஷின் நின்றது. கொஞ்சம் கழித்து “என்னங்க” என்று கூப்பிட்டாள். குரலில் அவசரமே இல்லை. அதனால் அவர் மூன்றாவது இறக்கையையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அவள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “கண்ணுல ஏதோ பட்டிருக்கு. தேய்க்கலாமா கூடாதான்னு தெரியல” என்றாள்.

தேய்க்காமல் இருந்ததால்தான் இந்த அளவாவது மிஞ்சியது என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஊசியின் முனை உடைந்து கண்ணுக்குள் போயிருந்தது. அன்றைக்கே எடுத்தார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு அறுவைச் சிகிச்சை. கடைசியில் அந்தக் கண்ணில் மிஞ்சியது வெளிச்சமும் நிழலும்தான். எதிரே ஆள் நின்றால் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே அவருடைய தங்கை ஓடிவந்தாள். தையல் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். எதையும் தெரிந்ததுபோலப் பேசுவாள், பாதி உண்மையிலேயே தெரியும். கட்டிலருகே உட்கார்ந்து எப்படி நடந்தது என்று கேட்டாள். ஸ்கேல் பாதத்துக்கு அடியில் போய்விட்டது, ஊசி அதன்மேல் இறங்கிவிட்டது என்று அண்ணி சொன்னாள்.

“பாதம் இறங்கியிருந்தா ஸ்கேல் எப்படி அண்ணி அடியில போகும்? நீங்க லீவரை இறக்க மறந்திருப்பீங்க. பஞ்சு கனமா இருந்தா இறங்கின மாதிரியே இருக்கும். எங்க வகுப்புலயே ரெண்டு பேருக்கு ஊசி உடைஞ்சிருக்கு.”

அவள் கண் கட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டாள். “இறக்கினேன்னுதான் நெனைக்கிறேன்” என்றாள். பிறகு, “மறந்துதான் இருக்கணும். வேற எப்படி?” என்றாள்.

மில்லி கட்டிலின் கால்மாட்டில் மருந்துச் சீட்டோடு நின்றிருந்தார். வாயைத் திறக்க அது நேரமில்லை என்று நினைத்தார். வலியில் கிடப்பவளிடம் போய் இதைச் சொல்வதா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

துணிமணி எடுத்து வர வீட்டுக்குப் போனவர் பின்னறைக்குள் நுழைந்தார். மெஷின் அப்படியே இருந்தது. வலியில் எழுந்தபோது துணியை உருவியிருக்கிறாள். பாதம் மேலே தூக்கியிருந்தது. அது முன்பே தூக்கியிருந்ததா, பிறகு தூக்கியதா என்று பார்த்தால் சொல்ல முடியாது. வளைவு ஸ்கேல் தரையில் கிடந்தது. ஓரத்தில் ஊசி குத்திய இடத்தில் வெள்ளையாக ஒரு விரிசல். குனிந்து எடுத்தார். அளக்க வேண்டும் என்று எடுக்கவில்லை; விரல்கள் தாமாகவே அளந்துவிட்டன. மறுநாள் மூன்று ஸ்கேலையும் கடைக்குக் கொண்டுபோய், ரம்பத்தில் கொடுத்துப் பொடிப்பொடியாக வெட்டி, மற்ற வெட்டுமிச்சத்தோடு மூட்டையில் போட்டார். அன்றைக்கு வேறு எந்த வேலையும் அவருக்கு ஓடவில்லை.

சொல்ல வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. இரண்டாவது அறுவைச் சிகிச்சை முடியட்டும் என்று தள்ளினார். தையல் பிரிக்கட்டும் என்று தள்ளினார். மகள் வந்து இருந்த நாட்களில் அவள் முன்னால் வேண்டாம் என்றிருந்தார். ஒருநாள் சாயங்காலம் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, “அந்த ஸ்கேல் இருக்கு பாரு…” என்று ஆரம்பித்துவிட்டார். அவள் உடனே, “வேணாங்க, அதைப் பத்திப் பேச வேணாம். என் மறதி, நானே அனுபவிச்சுக்கிறேன்” என்றாள். அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதை நினைத்து ராத்திரி பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். ஆனாலும் மறுநாள் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். சமைத்தார், துவைத்தார், லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய் வந்தார். ஒரு கண் போனால் ஆழம் தெரியாது. அவள் ஊற்றும் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் விழும். அவர் சத்தமில்லாமல் துடைப்பார். “இப்படி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்” என்று எதிர்வீட்டு அம்மாள் அவர் காதுபடவே சொல்வாள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறி உள்ளே போய்விடுவார்.

அவளுக்கு ஆன மாற்றம் மெதுவாகத்தான் தெரிந்தது. முதலில் கேஸ். அடுப்பை அணைத்துவிட்டு வருவாள், திரும்பிப் போய்ப் பார்ப்பாள், வந்து உட்கார்ந்து, “நான் மூடினேனாங்க?” என்பாள். “மூடிட்ட” என்பார். அப்புறம் கதவு. பூட்டிவிட்டு மூன்று மாடி இறங்கி, தெருமுனையில் நின்று, திரும்பி வருவாள். அப்புறம் மாத்திரை: போட்டேனா, போடலையா? குழாயை மூடினேனா? இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேனா? கம்பெனியில் அவளை யாரும் போகச் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருகிறேன் என்றுகூடச் சொன்னார். இவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். “மறதிக்காரி கையில ஊசி எதுக்கு?” என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பின்னறை மெஷினின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினாள். பாதி தைத்த விரிப்பு மடிக்கப்பட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

மகள் தினமும் போனில் பேசுவாள். ஏழாவது மாதம் ஒருநாள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள். “அம்மா ஒரே விஷயத்தை நாலு தடவை கேக்குறாங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு. சின்ன வயசுலயே வர்ற மறதி நோய் இருக்காம். கண்ணு விபத்துகூட அதோட ஆரம்பமா இருந்திருக்கலாம். காட்டிடுங்கப்பா.” அவர் சரி என்றார்.

ஞாபக மறதிக்குத் தனியாகப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். முடி நரைத்தவர், அவசரப்படாதவர். முதலில் இவளைச் சோதித்தார். ஐந்து வார்த்தை சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். இவள் கைக்குட்டையை முறுக்கியபடி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, “சரிதானே டாக்டர்?” என்று கேட்டாள். ஐந்து வார்த்தையும் வரிசை மாறாமல் வந்தது. கடிகாரத்தின் வட்டம் மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது. “ஒத்தைக் கண்ணுல இதுக்கு மேல வராது டாக்டர்” என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். “கூட இருக்கறவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம் சார். இவங்க மறக்கறதை முதல்முதலா நீங்க கவனிச்சது எப்போ?”

அவர் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக அவளே சொன்னாள், மெஷின் பாதத்தை இறக்க மறந்ததில்தான் தொடங்கியது என்று. டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா காகிதத்தில் ஓடுவதை மில்லி பார்த்தார். கடையில் ஒரு பெயரைத் தப்பாக வெட்டினால் தூக்கிப் போட்டுவிடலாம். இது இவளுடைய சீட்டில் ஏறப்போகிறது. நாளைக்கு மாத்திரையாக வரும், மகளின் பேச்சில் வரும், இவள் சாகிறவரை கூடவே வரும்.

“எழுதாதீங்க டாக்டர்” என்றார். “அவ மறக்கல.”

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“பாதத்தை இறக்கித்தான் இருந்திருப்பா. ஸ்கேல்தான் தப்பு. ஆறு மில்லி கேட்டா, நான் நாலுல வெட்டிக் குடுத்தேன். கேட்டப்போ ஆறுன்னு சொல்லிட்டேன்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “அதை நானே எடுத்துட்டுப் போய் வெட்டிப் போட்டுட்டேன்.”

டாக்டரம்மாவுக்கு ஸ்கேலும் பாதமும் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மற்றது புரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்தார். சோதனைகளில் ஒரு கோளாறும் தெரியவில்லை, பயம் ஏறிப்போனவர்கள் இப்படித்தான் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள் என்று அவளிடம் மட்டும் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஒருமுறை வந்து போகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னறைக்குப் போய் மெஷின்மேல் இருந்த போர்வையை எடுத்தாள். நின்றபடியே லீவரைத் தூக்கினாள், இறக்கினாள். மறுபடியும் தூக்கினாள், இறக்கினாள். அவர் வாசற்படியில் நின்றார். உள்ளே வரும் தைரியம் இல்லை.

“கண்ணு போனது நடந்துபோச்சு” என்றாள், திரும்பாமல். “அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், உங்க மூஞ்சியில முழிக்காம ஒரு மாசம் இருந்திருப்பேன். அப்புறம் சரியாப் போயிருக்கும். ஏழு மாசமா கேஸை மூடினேனான்னு உங்களைத்தானே கேட்டுட்டு இருந்தேன்? ஒவ்வொரு தடவையும் மூடிட்டன்னு பொறுமையா சொன்னீங்களே. அது எப்படிங்க முடிஞ்சுது உங்களால?”

பயம் என்று சொல்லலாம். ஆனால் எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் திட்டுவாள் என்றா, கடையில் தெரிந்துவிடும் என்றா, இருபத்தாறு வருடப் பெயர் போய்விடும் என்றா?

“அதே மாதிரி ஒண்ணு வெட்டிட்டு வாங்க” என்றாள். “நாலுலயே.”

மறுநாள் மதியம் கொண்டுவந்தார். வளைவு அவர் கைக்கு மனப்பாடம். இந்தத் தடவை முதலாளியின் அளவுக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினார். விரலை நம்பத் தோன்றவில்லை.

அவள் அலமாரியிலிருந்து மகளின் விரிப்பை இறக்கி மேசையில் பரப்பியிருந்தாள். மெஷினிலிருந்து ஊசியைக் கழற்றினாள். லீவரை இறக்கினாள். இறக்கியதை அவருக்குக் காட்டிப் பார்க்கச் சொன்னாள், அவர் பார்த்தார். ஸ்கேலைப் பாதத்தின் சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பெடலை மிதித்தாள். ஊசியில்லாத மெஷின் வெறுமனே ஓடியது. தட்டையான இடங்களில் ஸ்கேல் ஒழுங்காகப் போனது. நட்சத்திரத்தின் நடுவுக்கு வந்தது. எட்டுத் துணியின் மடிப்புகளும் அங்கே ஒன்றுசேர்ந்து முடிச்சு மாதிரி மேடாக இருக்கும். பாதம் அந்த மேட்டின்மேல் ஏறி நின்றது; நாலு மில்லி ஸ்கேல் பக்கத்துப் பள்ளத்தில், பாதத்தின் அடி விளிம்புக்கும் கீழே கிடந்தது. முதல் நட்சத்திரத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில், கை கொஞ்சம் அழுத்தியபோது, ஸ்கேல் சத்தமே இல்லாமல் பாதத்துக்கு அடியில் நழுவி, ஊசி இறங்க வேண்டிய துளையை மூடிக்கொண்டு நின்றது.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். லீவரைத் தொட்டுப் பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது.

இன்னும் நாலைந்து நட்சத்திரங்களில் வைத்துப் பார்த்தாள். இரண்டில் நழுவியது. ஒவ்வொரு தடவையும் லீவரைத் தொட்டாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கண் போனபோதுகூட அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. தோளைத் தொடப் போனவரின் கையை விலக்கவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை நாத்தனாருக்குப் போன் போட்டாள். “பாதத்தை நான் இறக்கித்தான் இருந்தேன். உன் அண்ணன்கிட்ட கேட்டுக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். தங்கை நேரே கடைக்கே வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டு முடித்துவிட்டு, கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. “எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்னை எதுக்குண்ணா அப்படிப் பேச விட்டே?” என்று கேட்டாள். அது பக்கத்து மேசைக்காரர் காதில் விழுந்தது; சாயங்காலத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்தது. இரண்டு நாளைக்கு ஒருவரும் அவரை மில்லி என்று கூப்பிடவில்லை; மூன்றாம் நாள் பழக்கதோஷத்தில் முதலாளியே கூப்பிட்டுவிட்டார்.

அவள் மகளிடம் போய் ஆறு வாரம் இருந்தாள். போகும்போது வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் தினமும் போன் செய்வார், மகள்தான் எடுப்பாள். மகளின் குரலிலும் ஒரு விலகல் இருந்தது. “அம்மா நல்லா இருக்காங்க. இங்க கதவைப் பூட்டிட்டுத் திரும்பியே பார்க்கறதில்ல” என்றாள் ஒருநாள். அதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

ஏழாவது வாரம் அவள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றாள். கையில் ஒரு தட்டையான பெட்டி. மகளோடு கடைக்குப் போய் வாங்கியிருந்தாள்: ஆறு மில்லி ஸ்கேல்கள் நாலு, வேலை செய்யும்போது போட்டுக்கொள்ளும் கனத்த கண்ணாடி ஒன்று. அதையெல்லாம் பின்னறையில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் சீருடைக் கம்பெனிக்குப் போனாள். முதலில் பொத்தான் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் காலருக்கே திரும்பிவிட்டாள். முன்புபோல வேகம் இல்லை; மேற்பார்வையாளர் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் பேச்சு இருந்தது. எது தீர்ந்துபோயிற்று, எது வாங்க வேண்டும், யார் வந்தார்கள் என்ற அளவுக்கு. அவர் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். மருந்துக் கடையிலிருந்து சொட்டு மருந்து வந்தால் பெயரைப் படிப்பாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கோபித்துக்கொள்ள அவருக்கு இடமில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை அவள் விரிப்பை மறுபடியும் மெஷினில் ஏற்றினாள். கனத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூல் கோக்கவே கால் மணி நேரம் எடுத்தாள். அவர் உதவட்டுமா என்று கேட்கவில்லை. தைக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டாள். விரிப்பின் கனம் மேசைக்குப் பின்னால் சரிந்து தொங்கி, துணியை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கண் இருந்தபோது அந்த இழுப்பை அவள் கையாலேயே சமாளித்திருக்கிறாள். இப்போது முடியவில்லை.

வாசற்பக்கம் பார்த்து, “இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க” என்றாள்.

அவர் போய் மேசைக்குப் பின்னால் நின்று விரிப்பை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். இன்னும் மேலே என்றாள், தூக்கினார். இவ்வளவு வேண்டாம் என்றாள், இறக்கினார். மெஷின் ஓடியது. ஒரு இலையைத் தைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்துப் பிரித்தாள், மறுபடி தைத்தாள். அவர் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. மதியம் வரை நின்றார். இரண்டு நட்சத்திரம்தான் முடிந்தது. பதினேழு பாக்கி இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். “நாளைக்கும் நிக்கணும்” என்றாள்.

அவர் சரி என்றார். அவள் எழுந்து சோறு வடிக்கப் போனாள்.